மதுராந்தகத்தில் நான் திரும்ப ஏறிக்கொண்டேன்

டீச்சர்,

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். மருமகன் ஊட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை காட்டிவிடலாம் என்று போனார். எனக்கும் வீட்டில் வேலையில்லை, கூடவே போனேன். கடைக்காரர் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயரின் விலாவில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"பட்டன் ஃபுல்லா இருக்குது சார். ஆனா டயருக்கு வயசாயிடுச்சு. வண்டி வெயில்லயே நின்னுக்கினு இருந்துச்சா?"

மருமகன் சிரித்தார். ரோட்டில் படும் பட்டன் தேயாத டயரை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. வெயிலில் காய்ந்த ரப்பரின் வாசனை அந்தக் கடை முழுக்க நிறைந்திருந்தது. எழுந்து வெளியே வந்து, ரோட்டோரமாக நின்றுகொண்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், திண்டிவனம் பெண்கள் பள்ளியில் நாம் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் சேர்ந்தோம். நான் கணக்கு, நீங்கள் அறிவியல். ஒரே வயதுதான், ஆனாலும் கடைசிவரை ஒருவரையொருவர் 'டீச்சர்', 'வாங்க', 'போங்க' என்றுதான் பேசிக்கொண்டோம். உங்கள் ஊர் முகையூர். அப்பா விழுப்புரத்தில் தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீபட்டன் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தவர். லீவு நாளில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், டயர் அடுக்கின் மேலேயே உட்கார்ந்து பாடம் படித்ததாகச் சொல்வீர்கள். ஆசிரியர் அறையில் அதைச் சத்தமாகவே சொல்வீர்கள். அப்போது சிலர் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுவார்கள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்வீர்கள்.

என் வீட்டுக்காரரையும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்து வருடம் பிறத்தியார் லாரியை ஓட்டியவர் அவர். சொந்தமாக ஒரு பழைய டூரிஸ்ட் வேன் வாங்கியதும் ஆளே மாறிப்போனார். காலையில் எழுந்ததும் தன் முகத்தைக் கழுவுவதற்கு முன்னால் வண்டியைக் கழுவுவார். முன்கண்ணாடிக்கு மேலே பச்சை ரிப்பன் கட்டினார். கோயில் சீசனிலும் முகூர்த்த மாதங்களிலும் வண்டி ஓடும். மற்ற நாளெல்லாம் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், தெற்கே ரோட்டைப் பார்த்து நிற்கும். ஒருநாளும் மாற்றி நிறுத்தமாட்டார். மத்தியானம் தொடங்கி பொழுது சாயும்வரை வலது பக்கச் சக்கரங்களின் மேல் வெயில் விழுந்துகொண்டே இருக்கும். அது ஒரு விஷயம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை.

எட்டாம் வகுப்புப் பெண்களை மகாபலிபுரம் கூட்டிப்போவது என்று முடிவானபோது, எங்கள் வேனையே எடுத்துக்கொள்ளலாம் என்றவர் தலைமையாசிரியையான பெரிய டீச்சர். அந்த வியாழக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். காப்பி கலந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீங்கள் காலி மனையில், வேனின் வலது பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தீர்கள்.

"கௌரி டீச்சர், இங்க வாங்களேன். இத பாருங்க."

டயரின் பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தது. கோடையில் ஏரி காய்ந்து வெடிப்பதுபோல. உங்கள் நகத்தை ஒரு வெடிப்பில் வைத்தீர்கள். நகம் உள்ளே போனது.

"அந்தப் பக்கம் இந்த அளவுக்கு இல்ல. வெயில் படுற பக்கம் மட்டும் செத்துக்கினு இருக்குது. ஓடினாத்தான் டயரு கெடும்னு நினைக்கிறாங்க. நின்னாலும் கெடும்ங்க. ரப்பருக்கும் வயசு உண்டு."

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்துவிட்டார். "இன்னா டீச்சரம்மா, சர்டிபிகேட்டு குடுக்க வந்தீங்களா?" என்று சிரித்தபடிதான் கேட்டார்.

"அண்ணே, இந்த ரெண்டு டயரையும் மாத்திட்டுப் போலாம்ண்ணே. புள்ளைங்க இருபத்திரெண்டு பேரு."

"பட்டன் அப்படியே இருக்குது பாருங்க. எவனாவது பட்டன் தேயாத டயரைக் கழட்டிப் போடுவானா? வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் சேத்து மாத்திக்கலாம்னு வச்சிக்கினு இருக்கேன்."

"வைகாசி வரைக்கும் நின்னா பரவாயில்லண்ணே. ஓடணும்னாதான்..."

"டீச்சரம்மா, நான் பத்து வருசம் லாரி ஓட்டினவன்."

நீங்கள் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் காப்பி டம்ளரை நீட்டினேன். "ஆறிடும், குடிங்க" என்றேன். டீச்சர், நீங்கள் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். என் கண்ணெதிரே உங்கள் நகம் உள்ளே போனது. ஆனால் அந்த வேனைப் பற்றி ஒரு குறை சொன்னால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கும் ஒருவரோடு நான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீங்கள் பெரிய டீச்சரிடம் போனீர்கள். அவர் கேட்டுவிட்டு, "நீங்க பாடத்தைப் பாருங்க, வண்டியை டிரைவர் பாத்துப்பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை காலை வேன் பள்ளி வாசலில் வந்து நின்றது. நீங்கள் வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன். வராமல் இருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் வந்தீர்கள். பெண்கள் எல்லோரையும் இடது பக்கமும் முன்பக்கமும் நெருக்கி உட்காரவைத்தீர்கள். வலது பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த சீட்டில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் அந்த இடம் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

பெண்கள் ஓலக்கூர் தாண்டுவதற்குள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ வீட்டிலிருந்து அவித்த மல்லாட்டை கொண்டுவந்திருந்தாள். வேன் முழுக்க அந்த வேர்க்கடலை வாசனை. நமக்கு மட்டும் காலுக்குக் கீழே சக்கரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அச்சிறுபாக்கத்தில், ஒரு பெண்ணுக்கு வாந்தி வருகிறது என்று சொல்லி வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். யாருக்கும் வாந்தி வரவில்லை. கீழே இறங்கி, யாரும் பார்க்காதபோது டயரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. செங்கல்பட்டில் நானே, எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று நிறுத்தச் சொன்னேன். நான் உங்களுக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

மகாபலிபுரத்தில் பெண்கள் கடலைப் பார்த்துக் கத்தினார்கள். அலையில் பாவாடை நனைய ஓடினார்கள். நீங்கள் அவர்களுக்குக் கிளிஞ்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் திரும்பிப் போகும் வழி மட்டும்தான் மனதில் ஓடியது. வரும்போது காலை நேரம். போகும்போது மத்தியான வெயில், ரோடு கொதிக்கும்.

திரும்பும்போது மதுராந்தகத்தில் டீ குடிக்க அவரே வண்டியை நிறுத்தினார். பெண்கள் சீட்டிலேயே இருந்தார்கள். நீங்கள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, என்னை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டீர்கள். இறங்கி வந்தேன். பின்டயரின் விலாவில், வெடிப்புகளுக்கு நடுவே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. காலையில் அது அங்கே இல்லை.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

அவர் டீ கிளாஸோடு வந்தார். பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். பிறகு, "அது முன்னாடியே இருக்குது" என்றார்.

"இல்லண்ணே. ஸ்டெப்னியைப் போட்டுக்கலாம்."

"ஸ்டெப்னியும் இதே வயசுதான். என்னாத்துக்கு சும்மா பேஜார் பண்றீங்க? முக்கா மணி நேரத்துல வீட்டுல இருப்போம். ஜல்தி ஏறுங்க."

நீங்கள் ஏறினீர்கள். ஏறி, வேனுக்குள் நின்றபடி, வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னீர்கள்: "பையை எடுத்துக்கினு எல்லாரும் இறங்குங்க. நாம பஸ்ஸுல போறோம்."

பெண்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக இறங்கி, வெயிலில் வரிசையாக நின்றார்கள். இருபத்திரண்டு பேர். என் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டையே பார்த்தார். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் என்னிடம் வந்து மெதுவாக, "வாங்க டீச்சர்" என்றீர்கள்.

அவர் திரும்பாமலே கேட்டார். "நீயும் போறியா?"

டீச்சர், அந்த இடத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் நீங்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். இன்னொரு பக்கம் அவருடைய பின்கழுத்து. அவர் மனைவியே இறங்கிப் போனால், அந்த வேனைப் பற்றி ஊரில் வேறு யாரும் எதுவும் சொல்லவே வேண்டியதில்லை. நான் வேனில் ஏறி, நம் பழைய சீட்டிலேயே உட்கார்ந்தேன். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள். உங்கள் முகத்தில் கோபம் இல்லை. "ஜாக்கிரதைங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

காலி வேனில் அவரும் நானும் திண்டிவனத்துக்குத் திரும்பினோம். நான் அந்தச் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தேன். புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. வெடித்துவிடு என்று ஒரு மனம் சொன்னது. வெடிக்காதே என்று இன்னொன்று சொன்னது. வெடிக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் முதன்முதலாக வாயைத் திறந்தார். "பாத்தியா? இன்னா ஆச்சு?"

நீங்களும் பெண்களும் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு, மூன்றாவதில் நசுங்கிக்கொண்டு, நின்றபடியே வந்தீர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு பெண்ணின் செருப்பு போனது. ஒருத்தி மயங்கினாள். பொழுது இறங்கிய பிறகுதான் பள்ளிக்கு வந்து சேர்ந்தீர்கள். காத்திருந்த பெற்றோர்கள் கோபமாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனார். நாலு சக்கரத்துக்கும் காற்றை இறுக்கமாக அடித்துக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில், வழக்கம்போலத் தெற்கே பார்த்து நிறுத்தினார். "இப்ப வந்து அமுக்கிப் பாக்கச் சொல்லு உன் டீச்சரை" என்றார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி இருக்கும். ஒரு சத்தம். வேட்டு வைத்ததுபோல. மனையில் இருந்த காக்கையெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிக் கத்தின.

ஓடிப்போய்ப் பார்த்தோம். வேன் வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பின்டயரின் விலா ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே இருந்த நூலெல்லாம் வெளியே தொங்கியது. சக்கரத்துக்கு மேல் தகரம் உள்நோக்கி வளைந்திருந்தது. அதற்கு மேலேதான் நம் சீட்டு. நின்ற இடத்தில், ஓடாமல், ஆளில்லாமல் வெடித்திருந்தது. அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு பேர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டார் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். ரோட்டில் யாரோ எட்டிப் பார்த்தபோது, "ஒண்ணுமில்ல, ஸ்டெப்னி டியூபு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லாத கௌரி. நாளைக்கே நாலு டயரும் மாத்திடறேன். ஸ்டெப்னியும் மாத்திடறேன். இது வெளிய தெரிஞ்சா ஒரு கல்யாண வீட்டுக்காரன் என் வண்டில ஏறமாட்டான். உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

அதட்டியிருந்தால் ஒருவேளை மீறியிருப்பேன். கெஞ்சினார். சரி என்றேன்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் எல்லோரையும் கூட்டி வைத்து விசாரித்தார். பெற்றோர்கள் எழுதிக் கொடுத்த தாள் மேசைமேல் இருந்தது. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னீர்கள். வெடிப்பு, புடைப்பு, உள்ளங்கைக்குத் தெரிந்த சூடு. யாரோ பின்னாலிருந்து, "டயர் கடை வீட்டுப் பொண்ணுக்கு எங்க பாத்தாலும் டயருதான் தெரியும்" என்றார்கள். சிரிப்பு வந்தது. பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கௌரி, உங்க வண்டிதானே. நீங்களும் அதுலயேதான் திரும்பி வந்திருக்கீங்க. டயர்ல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா?"

அந்த நேரம் கிழிந்த டயர் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பின்னால் கோணிக்கு அடியில் கிடந்தது.

"இல்லைங்க" என்றேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் அன்றைக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு ஒரு மெமோ வந்தது. இனிமேல் பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப்போகக் கூடாது என்று. ஒரு வாரத்துக்குள் ஆறாம் வகுப்புப் பெண்கள்கூட மறைவில் 'டயர் டீச்சர்' என்றார்கள். கரும்பலகையில் ஒருநாள் வட்டமாக ஒரு படம் வரைந்திருந்தார்கள். நீங்கள் அதை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே சூரியக் குடும்பத்தைப் போட்டுப் பாடத்தை நடத்தினீர்களாம்.

அந்த வார முடிவில் என் வீட்டுக்காரர் பள்ளி வழியாக வேனை ஓட்டிக்கொண்டு போனார். கேட்டருகே நாம் நின்றிருந்தோம். கரிய, பளபளப்பான நாலு புது டயர்கள். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"புது டயரு போல இருக்குது டீச்சர்?"

"ஆமாங்க."

"வைகாசிலதான மாத்தறேன்னாரு?"

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "நீங்க சொன்னீங்களே, அதுக்காவத்தான் மாத்தினாரு. டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு."

உங்கள் முகம் மலர்ந்ததை என்னால் எப்படி எழுத முடியும்? அந்த வாரம் முழுக்க உங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்கிட்ட நான் ரொம்ப தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க. அது போதும்ங்க எனக்கு" என்றீர்கள்.

அடுத்த ஜூனில் மாற்றல் கேட்டுக்கொண்டு உங்கள் ஊர்ப்பக்கமே போய்விட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து எழுதிக்கொண்டோம். அவர் இருக்கிறவரைக்கும் என் வாக்கு இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். அவரும் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த அடுத்த மாதம் உங்களிடம் சொல்லிவிடுவது என்றுதான் விழுப்புரத்தில் பஸ் ஏறி முகையூருக்கு வந்தேன். நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவரைப் பற்றிச் சொன்னீர்கள்: "இந்தப் பாட்டியோட வீட்டுக்காரர் தங்கமான மனுசன். ஊரே என்னைச் சிரிச்சப்ப, நான் சொன்னதைக் கேட்டு டயரை மாத்தினது அவரு ஒருத்தருதான்."

அதற்குப் பிறகு நான் என்ன சொல்வது? நான் சொன்ன பொய்யை நீங்கள் இத்தனை வருடமாக ஒரு நல்ல மனிதராக நினைவில் வைத்திருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் உங்களிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்வேன். அப்படித்தான் நினைத்தேன். அதுவும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம்தானோ என்னவோ. நீங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் அடக்கத்துக்கு வந்திருந்தேன். மாதா கோயிலில் பாட்டு முடிந்து எல்லோரும் கல்லறைக்கு நடந்தபோது, ஐம்பதை எட்டிய ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். "என்னைத் தெரியுதுங்களா டீச்சர்? மல்லாட்டை கொண்டாந்தவ" என்றாள். கலைச்செல்வி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அழுகைக்கு நடுவிலும் லேசாகச் சிரித்தாள். "பாவம்ங்க டயர் டீச்சரு. ஒண்ணுமில்லாததுக்கு எங்களை பஸ்ஸுல நிக்க வச்சிக் கூட்டிக்கினு வந்தாங்க. எங்கம்மா எப்படித் திட்டுச்சு தெரியுங்களா?"

நான் நின்றுவிட்டேன். "வெடிச்சுது கலை" என்றேன். "மறுநாளே வெடிச்சுது. நீங்கல்லாம் உக்காந்திருந்த வேனுதான்." முழுவதையும் சொன்னேன். கிணற்றுக்குப் பின்னால் கிடந்த டயர் வரைக்கும் சொன்னேன். கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் திரும்பி, முன்னால் போய்க்கொண்டிருந்த உங்கள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா டீச்சர்?"

"இல்ல."

அவள் என் கையை விட்டாள். விட்டுவிட்டு வேகமாக நடந்து, உங்கள் பெட்டியைத் தூக்கிப்போகிறவர்களுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். அவள் விட்ட கை அப்படியே காற்றில் இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, டீச்சர்.

இப்படிக்கு,
கௌரி